மட்டக்களப்பு வாவியா, பொத்துவில் களப்பா?

இலங்கையின் கிழக்குக் கரையில் குடும்பம், கூட்டாளிகள் என்று பத்துப் பேர் படகுச் சவாரிக்குக் கிளம்பினால் எனக்கு மட்டக்களப்பு வாவிதான். நீளம் கிட்டத்தட்ட 56 கிலோமீற்றர். மோட்டார் படகில் நாள் முழுக்க ஓடலாம். பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடியில் எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையில் காதை வையுங்கள். மீன் பாடும் அந்த மெல்லிய ரீங்காரத்துக்காக எத்தனை மணி நேரமும் காத்திருக்கலாம். வாய் ஓயாத பிள்ளைகள்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள்.

பொத்துவில் களப்பு சின்னது. மூன்று நான்கு பேர் என்றால் சரி. அங்கே மீனவர் தள்ளும் தோணிதான் அழகு. சத்தமில்லாமல் கண்டல் மரங்களை ஒட்டிப் போகையில் கொக்கு பறக்காமல் அப்படியே நிற்கும். முதலையும் உண்டு, கையைத் தண்ணீரில் விடவேண்டாம்.

மாரி மழையில் இரண்டுக்கும் போகாதீர்கள். உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் பிள்ளைகளை ஏற்றவே கூடாது.