ஞாயிறு இரவு எட்டு மணி ஆராதனை: மெத்தடிஸ்ட் சிறு சபைகளின் ஜூம் வழிபாடு எப்படி?

புதுச்சேரி, கடலூர் பக்கம் இருக்கும் பால்புதுமைக் (எல்.ஜி.பி.டி.க்யூ.) கிறிஸ்தவர்கள் சிலருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் இரண்டு சபை. காலையில் வீட்டாரோடு சி.எஸ்.ஐ.யோ லுத்தரனோ பெந்தெகொஸ்தேயோ. இரவில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அமெரிக்காவில் ஏதோ ஒரு சின்ன ஊர் மெத்தடிஸ்ட் சபை. இங்கே மதிப்பிடுவது இந்த இரண்டாவதை: யுனைட்டெட் மெத்தடிஸ்ட் திருச்சபையைச் சேர்ந்த, முப்பது நாற்பது பேருக்கு மேல் வராத சபைகள் ஜூமிலும் யூடியூபிலும் நடத்தும் ஆராதனையை.

எந்தச் சபை என்று பெயர் போடவில்லை. முப்பது பேர் உட்கார்ந்து மனம் விட்டுப் பேசும் இடத்துக்குள் வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம் நுழைந்தால் அங்கே யாரும் ஜெபக் குறிப்பு சொல்ல வாயைத் திறக்கமாட்டார்கள். தேட நினைப்பவர்களுக்கு ரீகன்சைலிங் மினிஸ்ட்ரீஸ் நெட்வொர்க் என்ற அமைப்பின் தளத்தில், பால்புதுமையினரை வெளிப்படையாக ஏற்கும் மெத்தடிஸ்ட் சபைகளின் பட்டியல் இருக்கிறது. 1984-இல் தொடங்கிய இயக்கம் அது. பட்டியலில் பெரிய சபைகளும் உண்டு. அவற்றின் ஒளிபரப்பு டிவி நிகழ்ச்சி மாதிரி பளபளவென்று இருக்கும், ஆனால் நீங்கள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. சின்னதாகப் பாருங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் பக்கத்தில் மெத்தடிஸ்ட் என்ற பெயரே அதிகம் காதில் விழாததற்குக் காரணம் உண்டு. பிரிட்டிஷ் வெஸ்லியன் மிஷன் வழியாக வந்த சபைகள் 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானபோது அதில் கலந்துவிட்டன. அமெரிக்க மிஷன் வழியாக வந்தவை சேராமல் நின்று, 1981-இல் இந்திய மெத்தடிஸ்ட் திருச்சபை என்று தன்னாட்சி பெற்றன. ஆகவே அமெரிக்கத் திருச்சபை தன் சட்டப் புத்தகத்தில் எதை மாற்றினாலும் அது இந்திய மெத்தடிஸ்ட் சபைகளைக் கட்டுப்படுத்தாது. இரவு ஜூமில் கிடைத்த வரவேற்பை நம்பி, சென்னையில் மெத்தடிஸ்ட் என்று பலகை போட்ட இடத்தில் போய் மனதைத் திறந்துவிட வேண்டாம்.

அந்தச் சட்டப் புத்தகத்தில் நடந்ததும் நேற்று முந்தாநாள் விஷயம்தான். தன்பாலீர்ப்பு கிறிஸ்தவப் போதனைக்கு ஒவ்வாதது என்ற வாசகம் 1972-இல் நுழைந்தது. 2019-இல் செயின்ட் லூயிஸ் நகரில் கூடிய சிறப்பு மாநாடு, தன்பாலீர்ப்பாளர்களைப் போதகராக அபிஷேகம் செய்யவும் ஒரே பால் திருமணம் நடத்தவும் இருந்த தடைகளைத் தளர்த்தாமல் இன்னும் இறுக்கியது. வாக்குகள் 438-க்கு 384. அதன் பிறகு 2023-க்குள் அமெரிக்காவில் இருந்த சபைகளில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு பிரிந்து போய்விட்டன, பெரும்பாலும் தடைகளை ஆதரித்த தரப்பு. 2024-இல் ஷார்லட் மாநாட்டில் போதகர் அபிஷேகத்துக்கு இருந்த தடை 692-க்கு 51 என்று விழுந்தது. மறுநாள் 1972-இன் அந்த வாசகமும் 523-க்கு 161 என்று நீக்கப்பட்டது. இப்போது ஒரே பால் திருமணம் நடத்தும் போதகருக்குத் தண்டனை இல்லை. நடத்த மாட்டேன் என்பவருக்கும் இல்லை. இந்தக் கடைசி வரியைப் பலர் கவனிப்பதில்லை. மெத்தடிஸ்ட் என்பதற்காகவே எந்தச் சபையும் உங்களை ஏற்கும் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு சபையாகத்தான் பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? சபையின் தளத்தில் வரவேற்பு அறிக்கை இருக்கும். "எல்லாரும் வாருங்கள்" என்று மட்டும் இருந்தால் அதை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். அப்படிப் போடாத சபை உலகத்திலேயே கிடையாது. பாலீர்ப்பு, பாலின அடையாளம் என்ற இரண்டும் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்க வேண்டும். சபையார் கூடிப் பேசி, வாக்கெடுத்து ஏற்றதாக இருக்க வேண்டும். அறிக்கையின் தேதியையும் பாருங்கள். 2019-க்கு முந்திய தேதி என்றால், ஒரு திருமணத்தை நடத்தியதற்காகப் போதகரின் பட்டமே பறிபோகக்கூடிய காலத்தில் அந்த முப்பது பேர் கையைத் தூக்கியிருக்கிறார்கள். 2024-க்குப் பிந்திய தேதி தப்பில்லை, ஆனால் எடை குறைவு.

வானவில் கொடியை விடக் காணிக்கை எண்ணும் மேசை அதிகம் சொல்லும். வேதபாடம் வாசிப்பவர் யார், ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவர் யார், ஆராதனை முடிந்து பணப்பையைத் திறந்து எண்ணிக் கணக்கில் எழுதும் இருவர் யார்? பால்புதுமையினரைக் குவாயரில் மட்டும் பாட விட்டுவிட்டு, பணத்துக்கும் பிள்ளைகளுக்கும் பக்கத்தில் விடாத சபைகள் எல்லா நாட்டிலும் இருக்கின்றன. போதகருக்கு மின்னஞ்சல் எழுதி இதை நேராகவே கேட்கலாம். ஒரு திருநங்கையின் இப்போதைய பெயர் சபைப் பதிவேட்டில் எப்படி எழுதப்படுகிறது என்றும் சேர்த்துக் கேளுங்கள். நல்ல சபை இரண்டு மூன்று நாளில் பதில் போடும். "எங்களுக்கு எல்லாரும் தேவனுடைய பிள்ளைகள்" என்று மழுப்பினால் அடுத்த சபைக்குப் போங்கள்.

இன்னொன்று. மெத்தடிஸ்ட் போதகரைச் சபை தேர்ந்தெடுப்பதில்லை, பிஷப் அனுப்புகிறார். நியமனம் ஓராண்டுக்குத்தான், ஆண்டுக்காண்டு புதுப்பிப்பார்கள். மாற்றம் வந்தால் ஜூலையில் வரும். சின்னச் சபைகளில் ஒரே போதகர் இரண்டு மூன்று சபைகளைக் கவனிப்பதும் சகஜம். போதகரின் பேச்சு பிடித்துச் சேர்ந்தவர்கள் ஆகஸ்டில் முகம் சுருங்குவது இதனால்தான். சபையாரைப் பார்த்துச் சேருங்கள்.

ஆராதனை ஏறக்குறைய ஒரு மணி நேரம். பிரசங்கம் பதினைந்து இருபது நிமிடம். நம்மூர்ப் பிரசங்கத்துக்குப் பழகியவர்களுக்கு இது முன்னுரை மாதிரி இருக்கும். பாட்டுகளில் சார்லஸ் வெஸ்லி எழுதியவை கட்டாயம் வரும்; மனிதர் ஆறாயிரத்துக்கு மேல் எழுதியவர், பாமாலை பாடி வளர்ந்தவர்களுக்குப் பாதி மெட்டு ஏற்கெனவே தெரிந்திருக்கும். வேதபாடங்கள் பெரும்பாலும் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வரும் பொது அட்டவணைப்படி என்பதால், வரப்போகும் பகுதி முன்கூட்டியே இணையத்தில் கிடைத்துவிடும். சனிக்கிழமையே தமிழ் வேதாகமத்தில் படித்து வைத்துக்கொண்டால், அந்த ஊர் ஆங்கில உச்சரிப்பில் பாதி விட்டுப்போனாலும் பிரசங்கத்தின் நூல் அறுந்து போகாது. தானியங்கி வசன வரிகளை நம்பாதீர்கள். ஆபேத்நேகோ போன்ற வேதாகமப் பெயர்கள் எல்லாம் அதற்கு வராது.

ஆராதனையின் உயிர், பாட்டிலும் இல்லை பிரசங்கத்திலும் இல்லை. நடுவில் பத்து நிமிடம், மகிழ்ச்சியும் பாரமும் சொல்லும் நேரம். ஒவ்வொருவராக எழுந்து, மருமகளுக்கு வேலை கிடைத்தது, முழங்கால் ஆபரேஷன் புதன்கிழமை, என் மனைவியின் ஸ்கேன் நன்றாக வந்திருக்கிறது என்று சொல்வார்கள். கடைசியில் சொன்னவரும் ஒரு பெண். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அடுத்தவர் தன் நாய்க்கு உடம்பு சரியில்லை என்று ஆரம்பித்துவிடுவார். சேர்த்துக்கொள்வது என்றால் இவ்வளவுதான், இதைக் கண்ணால் பார்க்கத்தான் இரவில் கண்விழிப்பது.

அதே பத்து நிமிடம்தான் இணையத்தில் மோசமாகக் கெடுகிறது. சின்னச் சபைகளில் மேடை மைக் மட்டுமே ஒளிபரப்புக்குப் போகும். பெஞ்சில் இருந்து பேசுபவரின் குரல் வராது. படத்தில் வாய் அசையும், சிரிப்பு கேட்கும், எதற்கென்று தெரியாது. ஒருவர் கையில் மைக்கோடு ஓடினால்தான் தீரும், அல்லது போதகர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்ல வேண்டும். இதைச் செய்யும் சபையைப் பிடித்துக்கொள்ளுங்கள், வேறு குறையிருந்தாலும் பரவாயில்லை. ஆர்கன் சத்தம் வெட்டி வெட்டி வருவது வேறு கதை: ஜூம் அதை இரைச்சல் என்று நினைத்து அமுக்குகிறது. அவர்கள் பக்கத்தில் ஒரிஜினல் சவுண்ட் என்ற அமைப்பைப் போட்டால் சரியாகும். சேர்ந்து பாடும்போது உங்கள் மைக்கை அணைத்துவிடுங்கள். ஜூமில் ஒலி தாமதமாகத்தான் போகும், நீங்கள் பாடுவது அங்கே எதிரொலியாக விழும்.

நேரக் கணக்கு. கிழக்குக் கரைச் சபை காலை 10.30-க்குத் தொடங்கினால் நமக்குக் கோடையில் இரவு 8, குளிர்காலத்தில் 9. மத்திய நேரச் சபைக்கு ஒரு மணி கூட்டிக்கொள்ளுங்கள். மேற்குக் கரை வேண்டாம். திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவர்களுக்கு அது தாங்காது. மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றும் நாட்கள். மார்ச்சில் மறந்தால் ஆசீர்வாதம் கூறும் நேரத்தில் போய் நிற்பீர்கள். நவம்பரில் மறந்தால் யாரும் இல்லாத அறை.

டேட்டா: ஜூமில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபி வரை போகும், தினம் ஒன்றரை ஜிபி பேக் வைத்திருப்பவர்கள் பகலில் ரீல்ஸ் பார்ப்பதைக் குறைக்க வேண்டியதுதான். யூடியூபில் படத் தரத்தை 360-இல் வைத்தால் அதில் பாதிகூட ஆகாது.

பாதுகாப்புதான் முக்கியம், அதைச் சபைகள் யோசிப்பதே இல்லை. அவர்கள் ஊரில் வெளிப்படையாக இருப்பவர்கள் அவர்கள். முதலியார்பேட்டையில் கூட்டுக் குடும்பத்தில் இருப்பவரின் நிலைமை அவர்களுக்குத் தோன்றாது. ஜூமில் நுழையும் முன் பெயரை மாற்றுங்கள், போனில் இருக்கும் முழுப்பெயரோடு போய் நிற்க வேண்டாம். யூடியூப் சாட்டில் எழுதினால் உங்கள் சேனல் பெயர் எல்லாருக்கும் தெரியும், பதிவிலும் நிற்கும். ஆராதனை பதிவாகிறதா, பதிவு பொதுவில் போகிறதா என்று முன்பே கேளுங்கள். ஜெபக் குறிப்பில் ஊர், வேலை, தெரு எதுவும் வேண்டாம். "தென்னிந்தியாவில் ஒரு நண்பர்" என்றாலே அவர்கள் ஜெபிப்பார்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு பெரும்பாலும் திருவிருந்து. மேசை திறந்த மேசை: உறுப்பினராக இருக்க வேண்டும், திடப்படுத்தல் எடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. திரையின் இந்தப் பக்கம் இருப்பவர் தன் அப்பத்தை வைத்துச் சேர்ந்துகொள்ளலாமா என்பதில் மெத்தடிஸ்டுகளுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை, அந்தச் சபையிடம் கேட்டுவிடுங்கள். ஒயின் கிடையாது, திராட்சைச் சாறுதான். 1869-இல் தாமஸ் வெல்ச் என்ற மெத்தடிஸ்ட், சாறு புளிக்காமல் இருக்கச் சூடுபடுத்திப் பாட்டிலில் அடைத்ததே இந்த மேசைக்காகத்தான். புதுச்சேரியில் ஒயின் வாங்குவது சுலபம், சர்க்கரை கொட்டாத திராட்சைச் சாறு வாங்குவதுதான் கஷ்டம். பன்னீர் திராட்சையை ஒரு கைப்பிடி எடுத்துப் பிசைந்து வடிகட்டினால் போதும்.

வார நடுவில் சிறு குழு இருக்கிறதா என்று கேளுங்கள். மெத்தடிஸ்டுகளின் பழைய பலம் அதுதான். 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கட்டடக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்தார்கள். காசு வாங்கப் போன தலைவர் ஒவ்வொருவரின் நிலையையும் விசாரிக்க ஆரம்பித்து, அதுவே விசாரிப்புக் குழுவாக வளர்ந்தது. ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு அவர்கள் காபி குடித்துக்கொண்டு பேசும் அரைமணி நேரம் நமக்குக் கிடைக்காது. யாரோ லேப்டாப்பை மூடிவிடுவார்கள். அந்த இழப்பைச் சரிக்கட்டுவது இந்தச் சிறு குழு மட்டுமே. அது இல்லாத சபைக்கு எங்கள் மதிப்பெண் பாதிதான்.

காணிக்கை கட்டாயமில்லை, யாரும் கேட்கவும் மாட்டார்கள். அனுப்ப விரும்பினால் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முதலில் திறக்க வேண்டும். 2020-இல் இருந்து புதிய கார்டுகளில் அது மூடியே வரும். எதிர்த்திசையில் கவனம் வேண்டும். இங்கே உள்ள சங்கத்துக்கு அவர்களிடம் இருந்து நன்கொடை வாங்குவது, எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் முடியாது. அன்பில் யாராவது அனுப்புகிறேன் என்றாலும் மறுத்துவிடுங்கள்.

இந்த ஆராதனையால் முடியாதவையும் உண்டு. ஜூமில் போதகர் ஒரு ஜோடியை ஆசீர்வதிக்கலாம், இந்தியாவில் அதற்குச் சட்ட மதிப்பு இல்லை. உச்ச நீதிமன்றத்தின் 2023 அக்டோபர் 17 தீர்ப்பு அதைத் தெளிவாக்கிவிட்டது. வீட்டில் பாலீர்ப்பை மாற்ற "விடுதலை ஜெபம்" என்று இழுத்துக்கொண்டு போனால் அந்தச் சபை வந்து காப்பாற்றாது. பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் தடுத்தது, மருத்துவர்கள் அப்படி மாற்றும் சிகிச்சை செய்வது 2022-இல் தொழில் ஒழுங்கீனமாக அறிவிக்கப்பட்டது. இவை பிடிப்பது டாக்டரை, ஜெபக்கூடாரத்தை இல்லை. அதற்கு உள்ளூரில் நம்பகமான ஓர் ஆள் வேண்டும், போன் அடித்தால் வண்டி எடுத்துக்கொண்டு வருகிற ஆள்.

டிசம்பருக்கு ஒரு குறிப்பு. கிறிஸ்துமஸ் முந்தைய இரவு ஆராதனை கிழக்குக் கரைச் சபையில் மாலை 7 மணிக்கு என்றால் இங்கே 25-ஆம் தேதி காலை 5.30. வீட்டில் எல்லாரும் குளித்துப் புதுத்துணி போட்டு விடியற்கால ஆராதனையில் இருக்கும் நேரம், அதில் நழுவ முடியாது. பதிவு யூடியூபில் இருக்கிறதா என்று முன்னாடியே கேட்டு வைத்தால், பிரியாணி முடிந்து வீடு தூங்கும் மதியம் பார்த்துக்கொள்ளலாம்.