ஆன்லைனில் ஓக் கன்று வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

கோபத்தில் எழுதுகிறேன், கோர்வையாக வராது. ஓக் மரம் வளர்க்கும் ஆசையில் அரை மாதச் சம்பளம் போய்விட்டது. மிச்சம் ஆறடியில் ஒரு காய்ந்த குச்சி.

வாங்கியது செடிகள் விற்கும் ஓர் ஆன்லைன் தளத்தில். அங்கே கடை போட்டிருக்கும் ஒருவர் 'ஆங்கில ஓக், நான்கு வயது, பையிலேயே வளர்த்தது' என்று விளம்பரம் கொடுத்திருந்தார். படத்தில் இலை ஓரத்தில் பிதுங்கி நிற்கும் மடல்கள் வட்டமாக இருந்தன, காம்பு மிகக் குட்டை. ஆங்கில ஓக் இலை அப்படித்தான் இருக்கும்; சிவப்பு ஓக்கின் மடல்கள் கூர்மையாக முடியும். சரி, இனத்தில் ஏமாற்றவில்லை என்று போனில் கூப்பிட்டேன்.

அந்தப் பேச்சுதான் என்னைச் சாய்த்தது. நான் விலை கேட்கும் முன்பே அவர் கேட்டார்: "மண்ணில் தண்ணீர் தேங்குமா சார்? வீட்டுச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கப்போகிறீர்கள்? நூற்றுக்கணக்கான வருஷம் நிற்கிற மரம், இடம் சின்னது என்றால் வாங்காதீர்கள்." வாங்காதீர்கள் என்று சொல்கிற வியாபாரியை யார் சந்தேகிப்பார்கள்? அன்று இரவே அரை மாதச் சம்பளத்தை அனுப்பினேன்.

கன்று குளிர்காலத்தில் வந்தது. இலை இல்லை. ஆங்கில ஓக் இலையுதிர்க்கும் மரம், அதில் தவறில்லை. "வேரைக் கலைக்காதீர்கள், பையோடு அப்படியே நடுங்கள், பை மக்கிவிடும்" என்றார். நட்டேன்.

வசந்தம் வந்தது, மற்ற மரமெல்லாம் துளிர்த்தது, இது அசையவில்லை. கேட்டால், "ஓக் தாமதமாகத்தான் சார் துளிர்க்கும்." அது உண்மைதான், வயிறு எரிவதும் அதனால்தான். அந்த உண்மையைச் சொல்லிச் சொல்லியே திருப்பி அனுப்பும் கெடுவைத் தாண்ட வைத்துவிட்டார். அப்புறம் "இடம் மாறிய அதிர்ச்சி" என்றார். அப்புறம் "தண்ணீர் அதிகம் விட்டிருப்பீர்கள்." கடைசியில் போனை எடுப்பதே இல்லை.

தளத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். படம் கேட்டார்கள், அனுப்பினேன். வேறொருவர் வந்து மறுபடியும் படம் கேட்டார். பிறகு, "உயிருள்ள பொருள், கெடு முடிந்தது, உங்கள் புகார் மூடப்பட்டது." அடுத்த நிமிஷமே எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று ஒரு செய்தி!

பட்டையைச் சுரண்டினேன், அடிவரைக்கும் பழுப்பு. தோண்டி எடுத்துப் பையைக் கிழித்தால் மண் பொலபொலவென உதிர்கிறது. பையிலேயே வளர்ந்த கன்று என்றால் வேர் மண்ணை இறுகப் பிடித்திருக்கும். இது நிலத்திலிருந்து பிடுங்கிப் பையில் திணித்தது. ஆணிவேரை வெட்டுவது நாற்றங்கால்களில் வழக்கம்தான், பக்க வேர் பெருகட்டும் என்று செய்வார்கள். இதில் ஆணிவேர் மொட்டை, பக்க வேரும் இல்லை. அரை மாதச் சம்பளத்துக்கு நான் வாங்கியது வேரில்லாத ஒரு கம்பு.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. வேரைப் பார்க்காமல் வாங்காதீர்கள், பையோடு நடச் சொன்னால் கட்டாயம் பிரியுங்கள். கையில் வந்த அன்றே சின்னக் கிளையில் நகத்தால் கீறுங்கள், உள்ளே பச்சை இல்லையென்றால் கெடுவுக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள், சின்னக் கன்றுதான் சீக்கிரம் வேர் பிடிக்கும். மூன்று வருஷத்தில் காய்க்கும் என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். விதையிலிருந்து வளரும் ஆங்கில ஓக் காய்க்கப் பல பத்து வருஷம் ஆகும். ஓக் கொட்டை வாங்கினாலும் காய்ந்தது வேண்டாம், காய்ந்துபோனால் முளைக்காது.

பணம் போன வங்கிக்கு இப்போதுதான் எழுதப்போகிறேன். இதே மாதிரி வங்கி மூலம் பணத்தைத் திரும்ப வாங்கியவர்கள் யாராவது இருந்தால் எப்படி என்று சொல்லுங்கள்.