பஞ்சிகாவத்தையில் ஜாக் ஸ்டாண்ட் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கொழும்பில் வாகனச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைப் பக்கம் ஜாக் ஸ்டாண்ட், அதாவது உயர்த்திய வண்டியைத் தாங்கி நிறுத்தும் இரும்புத் தாங்கி, வாங்கப் போகிறவர்கள் ஒரு சின்னக் காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். காலும் நடுக் குழாயும் சேருகிற இடத்தில், வெல்டிங் ஓடியிருக்க வேண்டிய இடத்தில் அதை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் வாங்காமல் வந்துவிடுங்கள். பெயின்டுக்கு அடியில் அங்கே இருப்பது இரும்பு இல்லை, டிங்கரிங் கராஜில் பள்ளத்தை மறைக்கப் பூசுகிற பட்டி.

எங்கள் தலையில் கட்டப்பட்டவை அப்படிப்பட்ட நாலு ஸ்டாண்ட். வெள்ளவத்தையில் கடலுக்குக் கிட்ட நிற்கும் மாமாவின் பழைய லேண்ட் ரோவருக்காக வாங்கினோம். அந்த வண்டிகளுக்கு உடம்பு அலுமினியம், செசி என்கிற அடிச்சட்டம் இரும்பு. உப்புக் காற்றில் உடம்பு தப்பிவிடும். செசி பெட்டி மாதிரி மூடியிருப்பதால் உள்ளுக்குள்ளேயே கறள் பிடித்துப் போகும். பின்பக்கக் குறுக்குச் சட்டத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டியிருந்தது. சில்லு மாற்றுகிற மாதிரி அரை மணி நேர வேலை இல்லை இது. வாரக்கணக்கில் வண்டி ஸ்டாண்டிலேயே நிற்கும். கீழே ஓர் ஆள் படுத்துக்கொண்டு வெட்டுவார், சுத்தியலால் அடிப்பார், வெல்டிங் பிடிப்பார். ஹைட்ரோலிக் ஜாக்கை நம்பி அப்படி விட முடியாது, சீல் கசிந்தால் இறங்கிவிடும்.

"தம்பி, ஜப்பான் சாமான், ஒவ்வொன்றும் 3 தொன் தாங்கும், கண்ண மூடிக்கிட்டு எடுங்க" என்றார் கடைக்காரர். 3 தொன் ஸ்டிக்கரும் இருந்தது. விலையிலும் சந்தேகப்பட எதுவும் இல்லை, நல்ல புதுச் சாமானுக்குரிய விலையைத்தான் வாங்கினார்.

வண்டியை உயர்த்தி மெதுவாக ஸ்டாண்டில் இறக்கியபோது பின்பக்கத்து ஸ்டாண்ட் ஒன்றின் கால் வெளியே விரிந்தது. அப்புறம் 'டக்' என்று ஒரு சத்தம், வண்டி ஒரு பக்கம் சரிந்துவிட்டது. எங்கள் வெல்டிங் பாஸ் (மேஸ்திரி) பழைய ஆள். எந்த ஸ்டாண்டாக இருந்தாலும் பக்கத்தில் ரயில் சிலிப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்காமல் வண்டியை இறக்க விடமாட்டார். செசி அந்தக் கட்டையில் போய் உட்கார்ந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர்தான் கீழே போயிருப்பார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை.

வயர் பிரஷ் போட்டுத் தேய்த்துப் பார்த்தோம். கால் முழுக்க வெல்டிங் ஓடவே இல்லை. நகத்தளவு பொட்டுப் பொட்டாக வைத்து, இடைவெளியைப் பட்டியால் நிரப்பி, தேய்த்து, சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். உயரத்தை நிறுத்தக் குறுக்கே செருகுகிற பின்னும் சும்மா மெல்லிய கம்பித் துண்டு. ஒரே பாரத்தில் வளைந்துவிட்டது. மற்ற மூன்றும் இதே கதைதான்.

திருப்பிக் கொண்டுபோனால், நீங்கள் வண்டியை இறக்கிய விதம் பிழை என்கிறார். பில்லில் "சாமான்" என்று மட்டும் எழுதியிருந்தது. 3 தொன் என்று தான் சொல்லவே இல்லை என்று முகத்துக்கு நேரே சாதித்தார்.

பெரிய கடைச் சாமானிலும் பிழை வரும்தான். 2020 மார்ச்சில் அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரெயிட் நிறுவனம் தன்னுடைய 3 தொன், 6 தொன் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. பின் இல்லாமல், பல்லில் மாட்டி உயரத்தை நிறுத்துகிற வகை அவை. பல் சரியாகப் பிடிக்காமல் திடீரென்று இறங்கக்கூடும் என்பது காரணம். அதற்கு மாற்றாகக் கொடுத்த 3 தொன் ஸ்டாண்டுகளில் சிலவற்றையும் வெல்டிங் குறைக்காக அதே வருடம் திருப்பி வாங்கினார்கள். அங்கே குறையை அறிவித்துக் காசைக் கொடுத்தார்கள். பட்டி பூசி விற்கிறவர் எங்களை யார் என்று கேட்கிறார்.

இதைச் சொன்னதும் சிலர், கையால் செய்ததை வாங்கினால் இப்படித்தான் என்றார்கள். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். இப்போது லேண்ட் ரோவர் நிற்பது பாஸ் தன் கையால் செய்த ஸ்டாண்டில். தடித்த குழாய், அகலமான அடித்தட்டு, நாலு பக்கமும் முக்கோணத் தட்டு, சுற்றிவர முழு வெல்டிங். செசி வழுக்காமல் இருக்க மேலே இரண்டு பக்கமும் காது வைத்திருக்கிறார். பின்னுக்குப் பதிலாகத் தலையில் 8.8 என்று வலிமைத் தரம் குத்திய தடித்த போல்ட். வெடிப்பு விழுந்தால் கண்ணில் படவேண்டும் என்று வெல்டிங் மேல் பெயின்டே அடிக்கவில்லை. சிலிப்பர் கட்டையும் பக்கத்திலேயே இருக்கிறது. கடையில் வாங்குவதா, செய்விப்பதா என்று கேட்டால், வெல்டிங் கண்ணுக்குத் தெரிகிற எதையும் எடுங்கள் என்பேன்.

சீமெந்துக் கல்லை மட்டும் எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள். சுவருக்கு அது சரி, பரவலாக வரும் பாரத்தைத் தாங்கும். செசியின் ஒடுங்கிய விளிம்பு ஓரிடத்தில் அழுத்தினால் முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும். தரமான ஸ்டாண்டிலும் லேபிளை முழுதாக வாசியுங்கள். சிலவற்றில் எழுதியிருக்கும் தொன் கணக்கு ஒரு சோடிக்கு உரியது. நாலு ஸ்டாண்ட் வைத்தால் பாரம் நாலாகப் பிரியும் என்றும் நினைக்காதீர்கள். தரை கொஞ்சம் ஏறி இறங்கியிருந்தாலே, மூலைக்கு மூலை இருக்கும் இரண்டில்தான் பெரும்பாரம் விழும்.

பில்லில் பொருளின் பெயரையும் தொன் கணக்கையும் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் அந்தக் கடை வேண்டாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். ஆனால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, விற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். நாங்கள் உடைந்த ஸ்டாண்டின் படங்களோடு கொடுத்துவிட்டோம்.

சிவப்பு நிறம், மூன்று கால், உச்சியில் பிறை வடிவத் தட்டு, சங்கிலியில் தொங்கும் மெல்லிய பின், பக்கவாட்டில் 3 தொன் ஸ்டிக்கர். இப்படி ஒன்று உங்கள் கராஜில் இருந்தால் இன்றைக்கே காந்தம் வைத்துப் பாருங்கள்.