அடர்த்தியா, ஒலி வேகமா? கரைசலுக்குள் எட்டிப் பார்க்க எது உதவும்?

50 மி.லி. தண்ணீரில் 50 மி.லி. எத்தனால் ஊற்றினால் 100 மி.லி. வராது. ஏறக்குறைய 96, 97தான் வரும். இரு வகை மூலக்கூறுகளும் நெருங்கி அடைந்துகொள்கின்றன. அடர்த்தியை அளந்தாலே இந்தச் சுருக்கம் தெரிந்துவிடும்; கலவையின் கனஅளவுக்கும், கூட்டினால் வர வேண்டிய அளவுக்கும் உள்ள வித்தியாசம் இது; மிகைக் கனஅளவு என்று கணக்கிடுவது இதைத்தான்.

ஆனால் சுருங்கியது ஏன் என்பதை அடர்த்தி சொல்லாது. ஹைட்ரஜன் பிணைப்பு இழுத்ததாலும் சுருங்கலாம், சின்ன மூலக்கூறு பெரியதன் இடைவெளியில் போய் உட்கார்ந்ததாலும் சுருங்கலாம்.

ஒலி வேகம் வேறு ஒன்றைச் சொல்கிறது: அமுக்கினால் திரவம் எவ்வளவு விட்டுக்கொடுக்கும் (அதன் அமுக்கத்தன்மை) என்று. 25 டிகிரியில் தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1497 மீட்டர் போகும், எத்தனாலில் 1143தான். அப்படியானால் தண்ணீரில் கொஞ்சம் எத்தனால் சேர்த்தால் வேகம் குறைய வேண்டுமே? குறையாது, ஏறும்! அடர்த்தியோ அதே நேரத்தில் இறங்குகிறது. அமுக்கத்தன்மை என்பது அடர்த்தியையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கி, அதன் தலைகீழ். அடர்த்தி இறங்குவதைவிட வேகத்தின் வர்க்கம் அதிகமாக ஏறுவதால் அமுக்கத்தன்மை குறைகிறது; அதாவது கரைசல் இறுகிவிட்டது. எத்தனாலைச் சுற்றித் தண்ணீரின் பின்னல் கெட்டிப்படுகிறது என்று இதை விளக்குவார்கள். எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த இடம் இது.

அதனால் ஒலிதான் உசத்தி என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அதை அளப்பதில் தொல்லை அதிகம். இதற்கான கருவி குறுக்கீட்டுமானி: திரவத்துக்குள் ஒலியை அனுப்பி, ஒரு தட்டில் பட்டுத் திரும்பும் அலையைக் கொண்டு அலைநீளத்தை அளக்கும். 2 மெகாஹெர்ட்ஸ் கருவியில் தண்ணீருக்கு அலைநீளம் முக்கால் மில்லிமீட்டர். தட்டை நகர்த்தும் திருகை மெல்லத் திருப்பினால் அரை அலைநீளத்துக்கு, அதாவது 0.37 மி.மீ.க்கு ஒருமுறை கருவியின் முள் எகிறும். இருபது எகிறல் எண்ணினாலும் தட்டு நகர்ந்தது ஏழரை மில்லிமீட்டர்தான். அதில் 0.01 மி.மீ. பிசகினால் வேகத்தில் 2 மீட்டர் போச்சு. வேகம் வர்க்கமாக வருவதால் அமுக்கத்தன்மையில் பிழை இரட்டிப்பாகும். வெப்பநிலை ஒரு டிகிரி தவறினால் தண்ணீரில் அடர்த்தி 0.03 சதவீதம்கூட மாறாது. ஒலி வேகம் 0.18 சதவீதம் மாறிவிடும்.

அடர்த்திக்குக் குப்பியும் தராசும் போதும். பொறுமை இருந்தால் நல்ல எண் கிடைக்கும். அதிர்வுக் குழாய்க் கருவி (திரவம் நிரம்பிய குழாய் எவ்வளவு வேகமாக அதிர்கிறது என்பதிலிருந்து அடர்த்தியைக் கணிப்பது) இன்னும் துல்லியம், சில மி.லி. போதும். ஆனால் ஒரு காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டாலும் எண் பொய்யாகிவிடும்.

சரி, ஒன்றுக்குத்தான் வசதி இருக்கிறது என்றால்? அடர்த்தியை எடுப்பேன். அது தனியாக நிற்கும். அடர்த்தி இல்லாமல் ஒலி வேகத்திலிருந்து அமுக்கத்தன்மைக்குப் போகவே முடியாது. உப்புக் கரைசலில் அயனிகள் தண்ணீரை எப்படி இறுக்கிப் பிடிக்கின்றன என்பதுதான் கேள்வியா? அப்போது இரண்டும் வேண்டும், அதுவும் அதே கரைசலில் எடுத்த ஒரே மாதிரித் துளியில், ஒரே வெப்பநிலையில். எத்தனால் கலவைக்கும் இதே கதைதான்: ஒன்றை இன்றும் மற்றதை அடுத்த வாரமும் அளந்து சேர்த்தால், இடையில் ஆவியாகிப்போன எத்தனாலைத்தான் மூலக்கூறுகளின் இடைவினை என்று எழுதிக்கொண்டிருப்போம்.