எல்எல்பி முடிச்சாச்சு, கடனும் இருக்கு: ஆர்ட்டிகிள்ஸா, பியூபிலேஜா?

தென்னாப்பிரிக்காவுல, டர்பன்ல சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் எல்எல்பி முடிச்ச பிள்ளைங்க கேக்குறது இதுதான், அட்டர்னி (கட்சிக்காரரை நேரடியா பாத்து கேஸ் எடுக்குறவர்) ஆகுறதா, அட்வகேட் (கோர்ட்ல நின்னு வாதாடுறவர்) ஆகுறதா? அட்டர்னி ஆக எடுக்குற பயிற்சி ஆர்ட்டிகிள்ஸ், அட்வகேட் ஆக எடுக்குற பயிற்சி பியூபிலேஜ்.

காலம்: ஆர்ட்டிகிள்ஸ் பொதுவா 2 வருஷம். பியூபிலேஜ் 1 வருஷம்.

காசு: ஆர்ட்டிகிள்ஸ்ல சம்பளம் சின்னதுதான், ஆனா மாசாமாசம் வரும். பியூபிலேஜ்ல பெரும்பாலும் ஒண்ணும் வராது, சிலருக்கு பர்சரி, அதாவது உதவித்தொகை, கிடைக்கும்.

கடன்: இங்கதான் விஷயமே இருக்கு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 350,000 ராண்டுக்குள்ள இருந்து, 2018லயோ அதுக்கப்புறமோ என்எஸ்ஃபாஸ்ல (அரசாங்கத்தோட மாணவர் நிதி உதவித் திட்டம்) சேர்ந்தவங்களுக்கு அது பர்சரி, திருப்பிக் கட்ட வேணாம். அதுக்குக் கொஞ்சம் மேல சம்பாதிக்கிற வீட்டுப் பிள்ளைங்க பாடுதான் கஷ்டம், பேங்க் லோனுக்கு அப்பாவோ மாமாவோ ஜாமீன் கையெழுத்து போட்டிருப்பாங்க, படிப்பு முடிஞ்சதும் பேங்க் அசலைக் கேக்க ஆரம்பிச்சுடும், நீங்க கட்டலைன்னா அவங்க தலையிலதான் விழும்.

இடம்: ரெண்டுலயும் போட்டி. முன்னாடி ஆர்ட்டிகிள்ஸ் விளம்பரத்துல பல பேர் லைசென்ஸும் சொந்த காரும் கேட்டாங்க, கோர்ட்டுக்கு ஓடி பேப்பர் ஃபைல் பண்ணணும்ல, கார் இல்லாத பிள்ளைக்கு அது பெரிய அநியாயமா இருந்துச்சு. வசதி இல்லாதவங்களுக்கு கேஸ் நடத்துற லீகல் எய்டுலயும் ஆர்ட்டிகிள்ஸுக்குப் போட்டுப் பாருங்க.

அப்புறம்: அட்டர்னி ஃபர்ம்ல சம்பளத்துக்குச் சேரலாம். பார்ல (அட்வகேட்டுங்க சங்கம்) இருக்குற அட்வகேட்டுக்கு அட்டர்னிங்கதான் பிரீஃப், அதாவது கேஸ் வேலை, அனுப்பணும், பில் காசு வர மாசக்கணக்கா ஆகும், சேம்பர்ஸ் (அட்வகேட்டோட ஆஃபீஸ்) வாடகை மட்டும் நிக்காது.

லோன் இருந்தா யோசிக்காம ஆர்ட்டிகிள்ஸ் போங்க. கடன் இல்ல, வீட்டுல ரெண்டு வருஷம் தாங்குவாங்க, கோர்ட்ல நின்னு வாதாடுறதுதான் ஆசைன்னா பியூபிலேஜ். அட்டர்னியா இருந்து கடனை அடைச்சுட்டு அப்புறம் பாருக்குப் போறவங்களும் உண்டு, அவங்களுக்கு பிரீஃப் அனுப்ப தெரிஞ்ச ஃபர்மும் இருக்கும்.