எச்பி-41சிக்கு நினைவகம்: நான்கு சிறிய மொடியூலா, ஒரு குவாடா, 41சிவியா?

என் சித்தப்பா ஓய்வுபெற்ற நில அளவையாளர். தம்முடைய எச்பி-41சி கல்குலேட்டரை என் கையில் தந்தபோது, "தம்பி, இதில் எல்லாம் சரி, நினைவகத்தில் இடம்தான் போதாது" என்றார். மனிதர் முப்பது வருடம் அந்தப் போதாமையோடே காணிகளை அளந்து முடித்திருக்கிறார். 1981இல் முதல் விண்ணோடம் பறந்தபோது அதில் போனதும் இதே 41சிதான் என்று பெருமையாகச் சொல்லுவார். அது உண்மைதான். ஆனால் விண்ணோடக்காரர்களுக்குக் கொழும்பு வெள்ளவத்தைக் கடற்காற்றில் அதை வைத்துக் காப்பாற்றும் தொல்லை இருக்கவில்லை.

ஹியூலெட்-பேக்கார்ட் 1979இல் இதை வெளியிட்டபோது கல்குலேட்டர் என்றே அழைத்தது. எழுத்துகளைக் காட்டும் திரையும், நிரல் எழுதும் வசதியும், தலைமாட்டில் துணைக்கருவிகளைச் செருகும் நான்கு போர்ட்டும் உள்ள ஒன்றை நான் சட்டைப்பைக் கணினி என்றே சொல்லுவேன். இதன் நினைவகம் 63 ரெஜிஸ்டர். ஒரு ரெஜிஸ்டரில் ஓர் எண்ணை வைக்கலாம், அல்லது நிரலின் 7 பைற்றை வைக்கலாம். இரண்டுக்கும் ஒரே பானைச் சோறுதான். 25 மூலை உள்ள ஒரு காணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மூலைக்கும் வடக்கு ஒன்று, கிழக்கு ஒன்று என்று 50 ரெஜிஸ்டர் போய்விடும். மிச்சம் 13. அதாவது நிரலுக்கு 91 பைற். அதற்குள் பரப்பளவைக் கண்டுபிடித்து, ஏக்கராகவும் பேர்ச்சாகவும் பிரித்து, யாழ்ப்பாணத்துக் காணியானால் பேர்ச்சைப் பத்தால் வகுத்துப் 'பரப்பு' கணக்கும் சொல்ல வேண்டும். நடக்கிற காரியமில்லை. சித்தப்பா பெரிய காணிகளைக் கடதாசியில் இரண்டாக வெட்டிக் கணக்குப் பார்த்திருக்கிறார்.

ஆகவே நினைவகத்தைக் கூட்ட வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உண்டு: போர்ட்டில் செருகும் சிறிய நினைவக மொடியூல்கள், அவற்றுக்குப் பதிலாக ஒரே பெரிய மொடியூலான குவாட், நினைவகம் உள்ளேயே கூடிய 41சிவி. முதலிரண்டையும் கைக்காசு கொடுத்துப் பார்த்துவிட்டேன். மூன்றாவதை ஒரு நண்பரின் மேசையில் ஒரு வாரம் பழகிப் பார்த்தேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை ஒளிக்கவில்லை: நான் குவாட் கட்சி.

சிறிய மொடியூலில்தான் நானும் தொடங்கினேன். ஒன்றில் 64 ரெஜிஸ்டர் இருக்கும், நான்கு வரை போடலாம். மலிவாகவும் கிடைக்கும். நான் இரண்டு வாங்கினேன். "இரண்டையும் பரிசோதித்தாயிற்று" என்று விற்றவர் எழுதியிருந்தார். எப்படிப் பரிசோதித்தார் என்று கேட்காதது என் பிழை. இந்த மொடியூலின் முகவரியைத் தீர்மானிப்பது அது இருக்கும் போர்ட். அதனால் முதலாம் போர்ட்டிலிருந்து வரிசையாகத்தான் செருக வேண்டும். ஒன்றிலும் மூன்றிலும் செருகி இரண்டை வெறுமையாக விட்டால், மூன்றாவதில் இருப்பது கணக்கில் வராது. நான்கையும் போட்டால் 319 ரெஜிஸ்டர் கிடைக்கும், ஆனால் போர்ட் ஒன்றும் மிஞ்சாது. நில அளவை நிரல்கள் அடங்கிய மொடியூலுக்கோ, அட்டை வாசிப்பானுக்கோ, பிரிண்டருக்கோ இடமில்லை. இது எல்லோருக்கும் தெரிந்த குறை. இதைத் தீர்க்கத்தான் அந்த 256 ரெஜிஸ்டரையும் ஒரே மொடியூலுக்குள் அடக்கிய குவாட் வந்தது.

41சிவி இன்னும் எளிது. அதே உடம்புதான். 319 ரெஜிஸ்டரும் உள்ளேயே இருக்கும், நான்கு போர்ட்டும் காலியாக இருக்கும். 1983இல் வந்த 41சிஎக்ஸில் கடிகாரமும் சேர்ந்திருக்கும், விலையும் சேர்ந்திருக்கும். எனக்குக் கடிகாரம் வேண்டாம், சுவரில் ஒன்று தொங்குகிறது.

பற்றரி விஷயத்தில் மூன்றும் ஒரே கதை. 'என்' (N) அளவுப் பற்றரி நான்கு வேண்டும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கடைகடையாக ஏறி இறங்கினேன். காட்டிய இடமெல்லாம் 'மூன்று ஏ' பற்றரியைத்தான் எடுத்து நீட்டினார்கள். அது நீளம் கூட, உள்ளே போகாது. கடைசியில் பம்பலப்பிட்டியில் அகப்பட்டது. இதனால் எந்தத் தெரிவும் மற்றதை முந்தப்போவதில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: தொடுபுள்ளிகள். மொடியூலும் போர்ட்டும் ஒன்றையொன்று தொடும் அந்த மெல்லிய உலோகத் தகடுகள். ஒரு மொடியூலுக்கு 12 புள்ளி. நான்கு சிறியது போட்டால் 48. குவாட் ஒன்று என்றால் 12.

என் வீட்டு மாடியிலிருந்து ரயில் பாதை தெரியும், அதற்கு அப்பால் கடல். ஜன்னல் கிராதிக்கு வருடத்துக்கு ஒருமுறை பெயின்ட் அடிக்காவிட்டால் துரு உரிந்து விழும். குசினியில் உப்புப் போத்தல் தானாகவே ஈரமாகிவிடும். அந்தக் காற்று இந்தத் தொடுபுள்ளிகளை மட்டும் விட்டுவைக்குமா? இரண்டு சிறிய மொடியூலோடும் ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. ஐப்பசி மழை தொடங்கிய ஒரு மாலை. மேசையில் வைத்து மின்விசையை அழுத்தினேன். திரையில் 'மெமரி லொஸ்ட்' என்று வந்தது. மூன்று இரவு உட்கார்ந்து தட்டெழுதிய நிரல் போய்விட்டது. இந்த யந்திரத்தின் நினைவகம் தொடர்ச்சியானது, நிறுத்தினாலும் அழியாது. ஆனால் நேற்றுவரை இருந்த ஒரு மொடியூல் இன்று பதில் சொல்லாவிட்டால், யந்திரம் எதையும் நம்பாமல் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கிவிடக்கூடும். 24 புள்ளியில் ஒன்று பச்சைக் களிம்பு பிடித்தாலும் இந்தக் கதி நேரலாம்.

கழற்றிப் பார்த்தேன். ஒன்றில் களிம்பு தெளிவாகத் தெரிந்தது. ஐசோபுரொப்பைல் அற்ககோலில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் துடைத்தேன், இரண்டு கிழமை சரியாக ஓடியது. மறுபடியும் 'மெமரி லொஸ்ட்'. அழிறப்பரால் தேய்க்கச் சொல்லிப் பலர் யோசனை சொன்னார்கள். தேய்க்காதீர்கள். மேலே உள்ள முலாம் போனால் அடியில் உள்ள உலோகம் இன்னும் வேகமாகக் கறுக்கும். துடைப்பதற்காகக் கழற்றிக் கழற்றிச் செருகுவதும் போர்ட்டுக்கு நல்லதில்லை. முற்கால 41சிகளில் உள்ளே திருகு இறங்கும் பிளாஸ்டிக் தூண்கள் வெடிப்பது பெயர்போன வியாதி. தூண் வெடித்தால் போர்ட்டுப் பகுதிக்கும் பலகைக்கும் இடையில் அழுத்தம் தளர்ந்துவிடும். பிறகு எந்த மொடியூல் போட்டாலும் விட்டுவிட்டுத்தான் வேலை செய்யும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி எத்தனை ரெஜிஸ்டர் கிடைக்கும் என்பதல்ல. அதற்காக எத்தனை முறை அந்தப் போர்ட்டைத் தொந்தரவு செய்யப் போகிறீர்கள் என்பதுதான்.

குவாட் வந்த நாளில் செய்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். முதலில் யந்திரத்தை நிறுத்த வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது எதையும் செருகவோ உருவவோ கூடாது. சிறிய மொடியூல் ஏதாவது இருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். குவாட் அவற்றின் முகவரிகளையும் தானே பிடித்துக்கொள்வதால் இரண்டும் ஒரு வீட்டில் குடியிருக்க முடியாது. நான் முதலாம் போர்ட்டில் செருகினேன். நிரல் எழுதும் நிலைக்குப் போய்ப் பார்த்தால் மிச்சம் 46 ரெஜிஸ்டர் என்றுதான் காட்டியது. மொடியூல் செத்துவிட்டது என்று ஒரு கணம் வயிற்றைக் கலக்கியது.

சாகவில்லை. 41சியில் எண்கள் நினைவகத்தின் மேல்பக்கத்தில் இருக்கும், நிரல்கள் அதற்குக் கீழே. புதிதாக வரும் ரெஜிஸ்டர்கள் உச்சியில் சேருவதால், அத்தனையும் எண்களின் பங்காகிவிடும். முன்பு எண்ணுக்கு 17, நிரலுக்கு 46 என்று இருந்தது, இப்போது எண்ணுக்கு 273, நிரலுக்கு அதே 46. வேலியை நகர்த்த வேண்டியது நாம்தான். அதற்கு 'சைஸ்' கட்டளை இருக்கிறது. நான் 'சைஸ் 060' கொடுத்தேன். 25 மூலைக்கு 50, இடைக்கணக்குக்குப் பத்து. மிச்சம் 259 ரெஜிஸ்டர், அதாவது 1813 பைற், நிரலுக்கு வந்தது. 91 பைற்றில் மூச்சுத் திணறியவனுக்கு இது அரண்மனை. முன்பெல்லாம் நாலு வரி கூட்டினால் 'பாக்கிங்' என்று காட்டி, சற்று யோசித்துவிட்டு, 'ட்ரை அகெய்ன்' என்று சொல்லும். எத்தனை முறை முயன்றாலும் அதே பதில். அந்த மரியாதையான கைவிரிப்பை இப்போது பார்ப்பதேயில்லை.

வேலியை நகர்த்துவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். 272 என்ற எண்ணைப் பூச்சிய ரெஜிஸ்டரில் வைத்து, அதன் வழியாக மறைமுகமாக 272ஆம் ரெஜிஸ்டரைக் கூப்பிடுங்கள். 'நொன்எக்ஸிஸ்டன்ட்' என்று வந்தால் உச்சிப் பகுதி வேலை செய்யவில்லை. இடையில் இரண்டு மூன்று எண்களையும் இப்படிக் கூப்பிட்டுப் பாருங்கள். பழைய சரக்கு வாங்கும்போது, விற்றவர் சொல்வதைவிட இந்த ஒரு நிமிடம் பெறுமதியானது.

பொறுங்கள், தொடுபுள்ளிதான் தீர்ப்பென்றால் 41சிவி அல்லவா வெல்ல வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். நினைவகத்துக்கான தொடுபுள்ளி அதில் பூச்சியம். உங்களிடம் இன்னும் எந்த யந்திரமும் இல்லையென்றால் 41சிவியே வாங்குங்கள், குவாட்டைத் தேடி அலைய வேண்டாம். ஆனால் என்னிடம் ஏற்கனவே ஒரு 41சி இருக்கிறது. அதன் வரலாறு எனக்குத் தெரியும். சித்தப்பா வேலை இல்லாத மாதங்களில் பற்றரியைக் கழற்றி அலுமாரியில் துணியில் சுற்றி வைத்தவர். உள்ளே கசிவு இல்லை, தூண்கள் வெடிக்கவில்லை. கடல்கடந்து வரும் ஒரு 41சிவிக்குள் எந்தப் பற்றரி எத்தனை வருடம் அழுகிக் கிடந்ததோ, யார் கண்டது? நண்பருடைய 41சிவி ஒரு வாரம் சிக்கலில்லாமல் ஓடியது. ஆனால் அவர் கொழும்பில் கடலைவிட்டுத் தள்ளி, குளிரூட்டிய அறையில் வைத்திருக்கிறார். அதை வைத்து என் மேசையில் எப்படி இருக்கும் என்று சொல்லத் துணியவில்லை.

நினைவகச் சில்லை 41சிக்கு உள்ளேயே பற்றவைத்து 41சிவியைப் போல ஆக்கும் வழியும் உண்டு. நான் செய்ததில்லை. சித்தப்பா உயிரோடிருக்கும்வரை அந்த யந்திரத்துக்குப் பக்கத்தில் பற்றவைப்புக் கோலைக் கொண்டுபோகவும் மாட்டேன். திரும்ப விற்கும்போது பழைய நிலையிலேயே இருப்பதைத்தான் சேகரிப்பாளர்கள் விரும்புவார்கள் என்பது இன்னொரு காரணம், ஆனால் எனக்கு அது இரண்டாம்பட்சம். குவாட்டை எப்போது வேண்டுமானாலும் உருவித் தனியாகவும் விற்கலாம்.

குவாட் வந்து ஏழு மாதம் ஆகிறது. ஒருமுறைகூடக் கழற்றவில்லை. யந்திரம் காற்றுப்புகாத பிஸ்கற் டப்பாவில், இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு கிடக்கிறது. 'மெமரி லொஸ்ட்' இதுவரை வரவில்லை. ஏழு மாதம் பெரிய காலமில்லை, இன்னும் ஒரு பருவமழை போகட்டும். சித்தப்பா போன கிழமை வந்து, கல்கிசையில் முன்பு இரண்டாக வெட்டிக் கணக்கிட்ட ஒரு காணியின் பழைய அளவுப் புத்தகத்தைக் கொண்டுவந்து, எல்லா மூலைகளையும் ஒரேயடியாகப் போட்டுப் பார்த்தார். கடதாசிக் கணக்கும் இதுவும் ஒத்துப்போயின. "வெட்டியிருக்கத் தேவையில்லை" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

சிறிய மொடியூல் இரண்டும் லாச்சியில் சும்மா கிடக்கின்றன. 41சி வைத்திருப்பவர் யாருக்காவது வேண்டுமானால் தரலாம். ஒன்று நிச்சயமாக வேலை செய்யும். மற்றதற்கு நான் பொறுப்பில்லை.