கிளீகோவும் கல்லடி உப்புக்காற்றும்: இரண்டு வருடத்துக்குப் பிறகு

போன கிழமை, தகரத் துண்டுகளைத் தற்காலிகமாகக் கவ்விப் பிடிக்கும் கிளீகோவைப் போடுகிற குறட்டின் அச்சாணி தெறித்துவிட்டது. சைக்கிள் கடையில் கொடுத்து ஒரு போல்ட் போட்டு வாங்கி வந்த அன்றே ஏறாவூர் மச்சான் கேட்கிறார்: “தகரத்தால பிளேன் கட்டிப் பழக, முதல்ல என்ன சாமான் வாங்க வேணும்?” கேட்ட நேரம் சரியில்லை. அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன், அதற்கேற்றபடி வாசித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் விமானம் இல்லை. இரண்டு வருடத்தில் முடிந்தது ஒரு சாமான் பெட்டியும், ஒரு முழ நீளத்தில் பழகுவதற்குக் கட்டிய இறக்கைத் துண்டும்தான். பாழாக்கிய தகரம் தனியாக ஒரு சாக்கு இருக்கிறது. பக்கத்து வீட்டு மாமா “திமிலைதீவு எயார்போட்டுக்கு எப்ப கொண்டு போறாய்?” என்று கேட்பதை இன்னும் விடவில்லை.

ட்ரில், அரம், தகரக் கத்தரி பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிளீகோ அப்படியில்லை. தையல்காரர் துணியை இணைக்கக் குத்தும் குண்டூசியின் வேலையைத் தகரத்தில் செய்வது இது. விரல் நீளத்தில் ஒரு குழல், உள்ளே ஸ்பிரிங், முனையில் இரண்டு மெல்லிய பற்கள். குறட்டால் அமுக்கினால் பற்கள் வெளியே நீண்டு ஒடுங்கும். துளைக்குள் விட்டுக் குறட்டைத் தளர்த்தினால் பற்கள் உள்ளே இழுபடும், நடுவிலுள்ள தகடு அவற்றை விரிக்கும், இரண்டு தகரமும் ஒன்றாகக் கவ்வப்படும். தகரங்களை நிரந்தரமாகப் பிணைக்கும் ஆணியான ரிவெட்டை அடிக்கும்வரை இடம் மாறக் கூடாதென்றால் இதுதான் வழி. துளையின் அளவுக்கு ஒரு நிறம்: 3/32 அங்குலத்துக்கு வெள்ளி, 1/8க்குச் செம்பு, 5/32க்குக் கறுப்பு.

நான் வாங்கியவை மலிவானவை, 100. பெட்டியில் பெயர்கூட இல்லை, அதனால் யாரைத் திட்டுவதென்றும் தெரியவில்லை. கல்லடியில் எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. முதல் வாடைக்காற்று தொடங்கி மூன்று கிழமைக்குள் பற்களில் சிவப்புத் துரு. துருவைக்கூட மன்னிக்கலாம், அது செய்யும் கள்ள வேலையைத்தான் மன்னிக்க முடியாது. ஸ்பிரிங் பாதியில் சிக்கி, பல் முழுதாக உள்ளே வராமல் நின்றுவிடும். பார்த்தால் கவ்வியதுபோலவே இருக்கும். நம்பி அடுத்த துளையைப் போட்டால் தகரம் மயிரிழை நகர்ந்திருக்கும், துளை நீள்வட்டமாகிவிடும். அந்தச் சாக்கில் கிடக்கும் தகரத்தில் பாதி இப்படிப் போனதுதான்.

தேங்காயெண்ணெய் பூசிப் பார்த்தேன். என் மடத்தனம். சில நாளில் பசைபோல் இறுகி, நல்லாயிருந்ததும் சிக்கியது. எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு விட்டு, பச்சரிசி போட்ட பால்மா டின்னில் மூடி வைத்த பிறகுதான் அடங்கின. அதிலும் ஒரு தொல்லை: எண்ணெய் தகரத்தில் பட்டால் பிரைமர் ஒட்டாது, ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும். இவ்வளவும் செய்து, 100இல் 60 இன்றைக்கும் வேலை செய்கின்றன. நியாயமாகப் பார்த்தால் அந்த விலைக்கு அது மோசமில்லை. நியாயமாகப் பார்க்கும் மனநிலையில் நான் இல்லை.

ட்ரில் பிட் விஷயத்திலும் ஏமாறாதீர்கள். 1/8 ரிவெட்டுக்குத் தேவை 30ஆம் இலக்கப் பிட், கிட்டத்தட்ட 3.26 மில்லிமீற்றர். நம்ம ஹாட்வெயார் கடைகளில் 3.2 அல்லது 3.5 தருவார்கள். முதலாவதில் ரிவெட் இறுக்கமாகப் போகும், இரண்டாவதில் ஆடும். 3/32 ரிவெட்டுக்கான 40ஆம் இலக்கத்துக்கு மட்டும் 2.5 பிட் ஏறக்குறைய அச்சொட்டு. தலை வெளியே துருத்தாத ரிவெட்டுக்குக் குழி 100 பாகையில் வேண்டும். கடையில் கிடைப்பது பெரும்பாலும் 90 பாகை, வாங்கி வைத்திருக்கிறேன், மரவேலைக்கு ஆகும்.

இனி நல்ல செய்தி ஒன்று: கை ஸ்குவீசர். நீண்ட கைபிடியுள்ள பெரிய குறடு, இரண்டு பக்கமும் அமுக்கினால் ரிவெட் நசுங்கித் தலையாகும். கம்ப்ரஸர் வேண்டாம், கரண்ட் வேண்டாம், இரவு பத்து மணிக்கும் அயலவர் திட்ட மாட்டார்கள். 1/8 ரிவெட்டில் நசுங்கிய தலை விட்டத்தின் ஒன்றரை மடங்கு அகலமும் அரை மடங்கு உயரமும் இருக்க வேண்டும். ஒருமுறை திருகிச் சரிசெய்து வைத்தால் நாற்பதாவது ரிவெட்டும் முதலாவதைப்போலவே வரும். 4.8 மில்லிமீற்றர் அகலம், 1.6 உயரம், கலிப்பரில் அளந்து அளந்து நானே சலித்துப்போனேன். ஓரங்களுக்கு மட்டும்தான் எட்டும், தகரத்தின் நடுவுக்கு எட்டாது. அங்கே ரிவெட் துப்பாக்கியும் பின்னால் இரும்புக் கட்டி பிடிக்க இன்னொரு ஆளும் வேண்டும். ஆனாலும் நான் வாங்கியதில் இதுவரை ஒரு குறையும் காட்டாத ஒரே சாமான் இதுதான்.

மச்சான், அதை இப்போது வாங்காதீங்க. வேன்ஸ் ஆர்வி–12, செனித் சிஎச் 750 மாதிரி நாமே கட்டும் சின்ன விமான வகைகளைத்தான் நினைக்கிறீர்களென்றால், அவற்றில் பெரும்பாலும் ஒரு பக்கத்திலிருந்தே இழுத்துப் போடும் ரிவெட்தான், ஸ்குவீசர் அலுமாரியில் தூங்கும். வேறு வகை என்று முடிவெடுத்த பிறகு வாங்கலாம். எதைக் கட்டினாலும் தப்ப முடியாதது, நான் இவ்வளவு நேரமும் திட்டிய கிளீகோதான். செம்பு நிறத்தில் 200 எடுங்கள், நல்லதாக. மலிவானதுதான் கட்டுப்படியாகுமென்றால் அதையே எடுங்கள், கூடவே தையல் மெஷின் எண்ணெய் ஒரு போத்தல்.

குறடு மட்டும் தரமானதாக வாங்குங்கள். சைக்கிள் கடைக்காரர் போட்ட போல்ட் இன்று காலையே தளர்ந்துவிட்டது, பின்னேரம் காத்தான்குடிக்குப் போய் லாக் நட் பார்க்க வேண்டும்.